அண்ணாச்சியின் முகத்தில் தேங்கிய தண்ணீர்

படகுத்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும்,

வேலையை விட்டுப் போகிறவர்கள் சாவிக்கொத்தையும், உயிர்காப்புச் சட்டைகளின் எண்ணிக்கையையும், மோட்டார் பழுது பார்ப்பவரின் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவற்றை நானும் மேசைமேல் வைத்துவிட்டேன். இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம், போன வாரம் தேநீர் குடிக்கும்போது நீங்கள் கேட்ட கதை. "இசக்கின்னு ஒருத்தன் இங்கன இருந்தான். படகு மூடிய ஒழுங்கா கெட்டாம புதுப் படகையே முக்கிட்டான்" என்று டிக்கெட் கொடுப்பவர் சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். உங்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

அந்தக் கதை பொய். அதை முதன்முதலில் எழுதியவள் நான். அந்தப் பொய்யால்தான் இசக்கி அண்ணனுக்கு இந்த வேலை போயிற்று.

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பது வயது. இங்கே ஆறு வருடங்கள் மேற்பார்வையாளராக இருந்தேன், அவ்வளவுதான். ஒரு மோட்டாரைப் பிரித்துச் சேர்க்கத் தெரிவதற்குக்கூட இந்தக் காலம் போதாது. ஒரு மனிதரைக் கெடுப்பதற்குப் போதும்.

என்னை வேலைக்கு எடுத்தபோது குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அண்ணாச்சியை ஊரில் பலர் கேலி செய்தார்கள். "பொம்பளப் பிள்ளைய வச்சிப் படகு விடுதாராம்" என்று கடைத்தெருவில் பேசியது என் காதுக்கே வந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டம் வாங்கியவளும் நான்தான். அப்பாவும் அம்மாவும் ஆய்க்குடிப் பக்கம் வயல்வேலை செய்தவர்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்று எங்கள் வீட்டுக்குள் வந்தது என்னால்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தே இருக்கும். அதில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தப்பு செய்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயமும் அந்த நிமிர்வுக்குப் பின்னாலேயே வந்து நின்றது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

இசக்கி அண்ணனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். இந்தக் குளத்தில் முதல் படகு விட்ட நாளிலிருந்து இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். என்னை மற்றவர்கள் முன்னால் "மேடம்" என்பார். யாரும் இல்லாதபோதும் "மேடம்" என்றுதான் சொல்வார்.

நம் மிதிபடகுகளை மாலையில் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிடலாம். எட்டுப் பேர் உட்காரும் மோட்டார் படகை அப்படிச் செய்ய முடியாது. கனம் அதிகம், ஏற்றுவதற்குச் சரிவும் இல்லை. அது வருடம் முழுக்கத் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்னால் அண்ணாச்சி புதுப் படகு வாங்கியிருந்தார். சிவப்பு ரெக்சின் இருக்கைகள். வந்த மூன்றாம் நாளே குரங்குகள் இரண்டு இருக்கைகளைக் கிழித்துப் பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டன. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "ஒரு மூடி போடத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டதாகவே எனக்குப் பட்டது.

முதலில் நீல நிறப் பிளாஸ்டிக் தாள் வாங்கிப் போட்டோம். குற்றாலம் சீசன் காற்று ஒரே வாரத்தில் அதை நார் நாராக்கிவிட்டது. அடுத்து தென்காசியில் லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையிலிருந்து ஒரு பழைய தார்ப்பாய் வாங்கி வந்தேன். அது நனைந்தால் உலர நாலு நாள் வெயில் வேண்டும். சாரல் காலத்தில் நாலு நாள் வெயிலுக்கு எங்கே போவது? இருக்கைகளில் பூஞ்சை பிடித்தது. படகில் ஏறியதுமே மூக்கைப் பொத்திக்கொள்கிற மாதிரி வாடை.

அப்போதுதான் அண்ணாச்சி ஒரு பிளக்ஸ் போர்டைக் கொடுத்து அனுப்பினார். சுற்றுலாப் பயணிகளை வரவேற்பதற்காகக் குற்றாலம் சாலையில் அவர் வைத்திருந்தது. இருபது அடிக்குப் பத்தடி. நல்ல கனமான துணி, தண்ணீர் ஊறாது, படகுக்கு அளவெடுத்தது போல இருந்தது. ஒரே ஒரு சங்கடம்தான். போர்டின் நடுவில் அண்ணாச்சி கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவருடைய முகம் மட்டுமே மூன்றடி.

இசக்கி அண்ணன் மூடி கட்டும் முறை எளிதானது. படகின் நீளத்துக்கு நடுவில் இரண்டு கவட்டைக் கம்புகளை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு மூங்கில் கழியைப் படுக்க வைப்பார். கழியின் மேல் மூடியைப் போட்டால் ஓலைக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து நிற்கும். எவ்வளவு மழை பெய்தாலும் வழிந்து குளத்தில் விழுந்துவிடும். பிளக்ஸையும் அப்படித்தான் கட்டினார்.

மறுநாள் காலையில் கரையில் கூட்டம். கழி அண்ணாச்சியின் முகத்துக்கு நேர் அடியில் போனதால், மூக்கு அரை அடி உயரத்துக்குத் துருத்திக்கொண்டு, இரண்டு கன்னங்களும் இரண்டு பக்கமும் சரிந்து தொங்கின. பயணிகள் முறை வைத்துப் படம் எடுத்தார்கள். "அண்ணாச்சிக்கு மூக்கு வீங்கிட்டுலே" என்று ஒரு இளவட்டம் சத்தமாகச் சொன்னான். கரையே சிரித்தது. இசக்கி அண்ணனும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் அண்ணாச்சி வருவார் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

"கழிய எடுத்துருங்க அண்ணே" என்றேன்.

"எடுத்தா மேல தண்ணி நிக்கும் மேடம். வேணும்னா மூஞ்சி உள்ள போகுத மாதிரி திருப்பிப் போட்டுருவோமா?"

அண்ணாச்சியைக் குப்புறப் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதைப் பார்த்து அவர் என்ன நினைப்பாரோ? "திருப்ப வேண்டாம். சாரல்தான பெய்யுது, சாரல்ல என்ன தண்ணி நிக்கப் போகுது? மேளத் தோல் மாதிரி இழுத்துக் கெட்டிருங்க, வழிஞ்சிரும். குரங்கும் உள்ள நுழையாது" என்றேன். அதோடு நிறுத்தாமல் தண்ணீரின் மேற்பரப்பைப் பற்றிக் கல்லூரியில் படித்த எதையோ சொன்னேன். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கழியை எடுத்தார்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். குளத்தில் தட்டையாக மிதக்கும் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நான் எடுத்த முடிவு சரியென்று நினைத்துக்கொண்டேன்.

தட்டையான மூடியில் சாரல் என்ன செய்யும் என்பதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெருமழை பெய்தால் எல்லாரும் ஓடிப்போய்ப் பார்ப்போம். சாரலை யாரும் மழையாகவே மதிப்பதில்லை. குடை பிடிக்காமல் நடப்போம், அதில் நின்று வடை தின்போம். அது இரவும் பகலும் நூல் நூலாக இறங்கிக்கொண்டே இருக்கும். நனைந்த நைலான் கயிறு ஒரு விரற்கடை இளகும். இளகிய இடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரின் கனத்தில் இன்னொரு விரற்கடை இறங்கும். அப்புறம் ஒரு குடம் நிற்கும்.

அந்த வாரம் மலையில் நல்ல மழை. அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள், படகும் விட வேண்டாம் என்றார்கள். மூன்று நாள் துறை மூடியிருந்தது. இசக்கி அண்ணன் மட்டும் தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அது அவர் வேலை இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். தென்காசியிலிருந்து குற்றாலம் வரும் பேருந்தில் இருந்தேன். திரும்பிப் போகும் கார்களால் சாலை அடைத்துக் கிடந்தது. அவர் போன் செய்தார்.

"மேடம், மூடி மேல குளமா நிக்கி. படகு வலப் பக்கம் சரியுது. அவுக்க முடியாது, அவுத்தா மொத்தமும் ஒரே பக்கம் பாயும். நடுவுல ஒரு கீறு கீறுனா கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கிரும். எட்டுப் பேரத் தாங்குத படகுதான, உள்ள எறங்குனத நான் பம்ப வச்சி எறச்சிருவேன். கத்தி கையில இருக்கு. குத்தவா?"

நடுவில் என்றால் எங்கே என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால்தான் போன் செய்தார்.

அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது படகு இல்லை. அண்ணாச்சியின் முகத்தில் கத்தியால் கிழித்த தடம் ஓடியது. அதை அவர் பார்ப்பதும், யார் குத்தச் சொன்னது என்று கேட்பதும், நான்தான் என்று சொல்ல வேண்டியிருப்பதும் ஓடியது.

"வேண்டாம் அண்ணே. அண்ணாச்சி மூஞ்சியில எப்படிக் குத்த? நான் வந்துக்கிட்டே இருக்கேன். அதுவர வாளிய வச்சி முடிஞ்ச மட்டும் மோந்து ஊத்துங்க."

"சரி மேடம்" என்றார்.

பேருந்து நகரவே இல்லை. இறங்கி நடந்தேன், கடைசியில் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது படகு ஒருக்களித்துப் பாதிக்கு மேல் முழுகியிருந்தது. மோட்டார் தண்ணீருக்குள். பிளக்ஸில் இருந்த அண்ணாச்சியின் முகமும் தண்ணீருக்குள். கும்பிட்ட கைகள் மட்டும் வெளியே தெரிந்தன. இசக்கி அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, படகை இன்னும் ஆழத்துக்குப் போகவிடாமல் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துப் பிடித்திருந்தார். கயிறு உராய்ந்து கழுத்தோரம் ரத்தம் கசிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாளிக்கு எட்டல மேடம்" என்றார்.

அண்ணாச்சி அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். கரையில் நின்று படகைப் பார்த்தபடியே கேட்டார்.

"யாரு கெட்டுனது?"

"இசக்கி அண்ணன்தான் கெட்டுனாங்க" என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அதை எடுத்துப் பார்த்திருக்கிறேன். சொல் சொல்லாக எல்லாம் உண்மை.

"கழி வைக்கலையா?"

இசக்கி அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் பதில் சொல்லலாம். ஆனால் அது நான் சொல்ல வேண்டிய பதில் என்று நினைத்திருக்கிறார். நான் முழுகிக் கிடந்த மோட்டாரைப் பார்த்தேன்.

"ஏலே இசக்கி, இத்தன வருசம் தண்ணியிலயே கெடக்கே. ஒனக்குமா தெரியல?" என்றார் அண்ணாச்சி.

"தப்பு நடந்துட்டு அண்ணாச்சி" என்றார் அவர். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை.

மறுநாள் காப்பீட்டுக்காரர்களுக்கும், குளத்தைக் குத்தகைக்கு விட்ட அலுவலகத்துக்கும் கொடுப்பதற்கு ஒரு வாக்குமூலம் தேவைப்பட்டது. "நடந்தத நடந்தபடி எழுதி, இசக்கிகிட்ட கையெழுத்து வாங்கிரு பிள்ள" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போய்விட்டார். பாருங்கள், அவர் நடந்தபடிதான் எழுதச் சொன்னார்.

நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். மூங்கில் கழி வைத்துக் கட்டும்படி மேற்பார்வையாளர் சொல்லியும் நான் வைக்கவில்லை என்று இசக்கி அண்ணன் சொல்வது போல எழுதினேன். துறை மூடியிருந்த நாட்களில் மூடியைச் சரிபார்க்கத் தவறிவிட்டேன் என்றும் அவர் வாயால் எழுதினேன். போன் செய்ததைப் பற்றி எழுதவில்லை. கையெழுத்து அழகாக இருந்தது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

அவரைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னேன். வழக்கம் போல நின்றுகொண்டே இருந்தார். "வாசிச்சிக் காட்டிருங்க மேடம்" என்றார்.

எங்கள் தெருவில் எட்டு வயதிலிருந்து எல்லாருக்கும் தாள் வாசித்துக் காட்டியவள் நான். ஆஸ்பத்திரிச் சீட்டு, நிலப் பத்திரம், பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் போட்ட கடிதம் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஒருமுறை ஒரு கடிதத்தில் கெட்ட செய்தி இருந்தது. அதைக்கூட மாற்றாமல் அப்படியே வாசித்தேன். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய் அழுதேன். மாற்றி வாசிக்கலாம் என்ற எண்ணமே அன்று எனக்கு வரவில்லை.

அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "தொடர்ந்து மூன்று நாட்கள் சாரல் பெய்ததால் மூடியின் மேல் தண்ணீர் தேங்கி, பாரம் தாங்காமல் படகு முழுகியது" என்று வாசித்தேன். என் கண் ஒரு வரியில் இருந்தது. வாய் தாளில் இல்லாத இன்னொரு வரியைச் சொல்லியது. குரல் தடுமாறவே இல்லை. தடுமாறியிருந்தால் இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவ்வளவுதானா மேடம்? வேற ஒண்ணும் போடலையே?"

"வேற ஒண்ணும் இல்ல அண்ணே."

அவர் பேனாவை வாங்கிக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்ததும் புள்ளி வைத்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஒரு பிரதியை மடித்து அவர் சட்டைப்பையில் நானே வைத்தேன். அந்த வீட்டில் அதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நான்தான். என் அப்பாவும் அந்த மாதிரி ஒரு வீட்டில் இருந்தவர்தான்.

அந்த வாரக் கடைசியில் இசக்கி அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். சீசன் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வருடத்தில் மூன்று மாதம் சம்பாதித்து மிச்ச மாதங்களைத் தள்ளுகிறவர்களுக்கு அது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகைச் சாவியைக் கொடுக்க வந்தவர், "கவட்ட ரெண்டும் கழியும் உள்ள சாத்தி வச்சிருக்கேன் மேடம். அடுத்த படகு வந்தா போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுத் தாள் பக்காவாக இருக்கிறது என்றும், படித்த பிள்ளை வேலைக்கு இருந்தால் இதுதான் லாபம் என்றும் பாராட்டினார். அன்று வீட்டுக்குப் போய் அதை அம்மாவிடம் சொன்னேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

புதுப் படகு வந்தது. நீங்கள் இப்போது பார்க்கும் மூடி அதற்காகத் தைத்தது. அதைப் பற்றி அண்ணாச்சியும் பயணிகளும் நல்லபடியாகப் பேசுவார்கள், என் யோசனை என்றும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. நடுவில் நிற்கும் கவட்டைகளும் கழியும் இசக்கி அண்ணன் வைத்துவிட்டுப் போனவை. கயிற்றைத் துறையின் தூணில் கட்டாமல் படகின் அடிவயிற்றைச் சுற்றிக் கட்டும் முறையும் அவருடையது. தூணில் கட்டினால் குளம் ஏறும்போது படகால் கூடவே ஏற முடியாது. முன்னும் பின்னும் காற்று போக விட்டிருக்கும் இடைவெளியில் குரங்கு நுழையாமல் வலை வைத்து அடைத்தது மட்டும்தான் என் வேலை. அந்த மூடியில் எனக்கு உரியது அந்த இரண்டு முழ வலைதான்.

மூடி வாங்கும்போது கடைக்காரர் விலையையும் கனத்தையும் சொல்வார். நீங்கள் உங்களிடமே இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரம் என்று வந்தால் இதை என் கையால் கிழிக்க முடியுமா? முடியாது என்று தோன்றினால், அதில் சாமி படம் இருந்தாலும் சரி, முதலாளி படம் இருந்தாலும் சரி, அதிக விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சரி, அது படகுக்கு ஆகாது. தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கிறவன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் சம்மதம் சொல்லுங்கள். அவனுக்குத் தெரிவது உங்களுக்குப் பேருந்தில் இருந்து தெரியாது.

போன வாரம் உங்களோடு சேர்ந்து சிரித்தேன் என்றேன் அல்லவா? மூன்று வருடமாகப் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் பேசாமல் இருந்ததும், அந்தக் கதைக்குச் சிரித்ததும் ஒன்றாக எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் அண்ணாச்சியிடம் போய், கழியை எடுக்கச் சொன்னது, போனில் குத்த வேண்டாம் என்றது, தாளை மாற்றி வாசித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எம்மூஞ்சிக்காகவா பிள்ள? அது பழைய போர்டு. தூரப் போடுததுக்குப் பதிலாத்தான ஒங்கிட்ட குடுத்தேன்" என்றார். பிறகு, "அந்த மனுசன நான் ஏசிட்டேனே" என்றார். இசக்கி அண்ணனைத் திரும்ப வரச் சொல்லும்படி என்னிடமே சொல்லி அனுப்பினார். நடந்தது நடந்தபடி புதிதாக ஒரு தாள் எழுதி, கையெழுத்துப் போட்டு, அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கோப்பில் பழைய தாளுக்கு மேல் அது இருக்கிறது. வேண்டுமானால் எடுத்து வாசித்துப் பாருங்கள்.

இசக்கி அண்ணன் குத்துக்கல்வலசையில் இருக்கிறார். அங்கே புதிதாக எழும்பும் வீடுகளில் கொத்தனாருக்குக் கையாளாக வேலை செய்கிறார். நான் கடந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கால் கழுவிக்கொண்டிருந்தவர், "வாங்க மேடம்" என்று ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். இந்த முறை நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி உள்ளிருந்து வந்து கதவோரம் நின்று கேட்டார்.

"தெரியும்" என்றார் இசக்கி அண்ணன்.

எப்படி என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். அவருக்கு சுபா என்று ஒரு மகள். அப்போது நாலாம் வகுப்பு. அன்றைக்கே சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறாள்.

"'அப்பா, மேடம் சொல்லியும் நீ கழி வைக்கலன்னு இதுல போட்டிருக்கு'ன்னா. நான் அவள ஏசிட்டேன். 'பெரிய படிப்பு படிச்சவங்க எனக்கு வாசிச்சிக் காட்டிருக்காவ. நீ தப்பா வாசிக்கே'ன்னு சொன்னேன். இல்லன்னு சாதிச்சா. ஒரு அடியும் குடுத்தேன்." அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "வேலைக்கு வர வேண்டாம்னு சொன்னப்போதான் அவ வாசிச்சது சரின்னு தெரிஞ்சது. ஆனா அவகிட்ட மாத்திச் சொல்லல. என்னன்னு சொல்லுதது மேடம்? படிச்சா இப்படித்தான்னு சொல்லவா? ஒங்களக் காட்டித்தான அவளப் படி படின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அவர் மனைவி அப்போதுதான் வாய் திறந்தார். "அதுக்குப் பொறவு அவ சத்தமா வாசிக்கதே இல்ல. வாத்தியாரும் சொல்லுதாரு, வாய்க்குள்ளேயே வாசிக்கா, தப்பா இருக்குமோன்னு பயப்படுதான்னு."

வேலைக்குத் திரும்ப வரச் சொன்னார்கள் என்று சொன்னேன். அவர் வரவில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இங்கே வேலை கிடக்கிறது என்றார், அவ்வளவுதான். அந்த முடிவை மாற்றிக்கொள்ளச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

"சுபாவக் கொஞ்சம் கூப்பிடுங்க அண்ணே" என்றேன். "அந்தத் தாளு இருக்குதா?"

இருந்தது. ரேஷன் கார்டோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பெண், பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தாளை அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். உதடு மட்டும் அசைய, எனக்கே கேட்காத குரலில் தொடங்கினாள். மேற்பார்வையாளர் சொல்லியும் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடியும் அப்பாவைப் பார்த்தாள்.

"நீ அன்னைக்கு வாசிச்சதுதான் சரி" என்றேன். "தப்பா வாசிச்சது நான். தெரிஞ்சேதான் தப்பா வாசிச்சேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாலாம் வகுப்பில் வாங்கிய அடி அந்தப் பார்வையில் இருந்தது. தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முதல் வரியிலிருந்து மறுபடியும் தொடங்கினாள். இந்த முறை தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தாள். கழி வைக்காததை வாசித்தாள், சரிபார்க்கத் தவறியதை வாசித்தாள், அப்பாவின் கையெழுத்தை வாசித்தாள். கடைசியில் எழுதிக்கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் என் பட்டத்தையும் போட்டிருந்தேன். அதையும் விடாமல் வாசித்தாள்.